சொல்லிவிட்டு வருகிறவள்

அத்தியாயம் பதினான்கு

"எத்தனை மணிக்குத் திரும்புவே?"

அலுவலக ஜீப் வாசலில் உறுமிக்கொண்டிருந்தது. கணவர் அவளுடைய தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டே கேட்டார். கல்யாணமான புதிதிலிருந்து, அவள் பையைத் தூக்கும்போதெல்லாம் அவர் கேட்கிற கேள்வி. எங்கே போகிறாய் என்று சில சமயம் கேட்கக்கூட மறந்துவிடுவார். திரும்பும் நேரத்தை மட்டும் மறந்ததே இல்லை. இதைவிட அன்பான கேள்வி ஒன்று இருக்க முடியாது என்றுதான் அவள் இத்தனை காலமும் நினைத்திருந்தாள்.

"நாளைக்கு சாயங்காலம். ஆறு மணி ஆயிடும்."

"ஆறுன்னா ஆறா? இல்ல, உங்க ஆபீஸ் ஆறா?"

"ஏன், வாசல்ல கம்பளம் விரிக்கப் போறீங்களா?"

"சொல்லிட்டு வந்தா கம்பளம். சொல்லாம வந்தா மிதியடிதான், டைரக்டரம்மா."

சிரித்தாள். அவர் நகக்கண்ணில் பச்சை வர்ணம் காய்ந்திருந்தது. பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இன்னமும் காலையில் எழுந்ததும் எதையாவது வரைந்தாக வேண்டும்.

அந்த வர்ணத்தைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது. போன வாரம் குளியலறையில், சோப்புப் பெட்டிக்குப் பின்னால் அவள் கண்டெடுத்த குட்டிப் பல்துலக்கி ஞாபகம் வந்தது. மஞ்சள் நிறம். பிடியில் ஒரு முயல். "வர்ணக் கிண்ணம் கழுவ வாங்கினேன். பெரிய பிரஷ்ஷு மூலைக்குள்ள போக மாட்டேங்குது" என்றார் அவர். சரிதான் என்று வைத்துவிட்டாள். வர்ணக் கிண்ணம் கழுவுகிற பிரஷ்ஷில் பற்பசை வாசனை எதற்கு என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அன்றைக்கும் அவளுக்குத் தலைக்கு மேல் வேலை.

"பெரியவ போன் பண்ணினா, நான் விசாரிச்சேன்னு சொல்லுங்க."

"சொல்றேன் சொல்றேன். ஜீப்புக்காரர் முறைக்கிறார் பாரு, ஏறு."

மகள் தொலைதூர நகரத்தில், கணவனோடும் மூன்று வயதுக் குழந்தையோடும் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போனில் பேசுவாள். 'நல்லா இருக்கேம்மா' என்பாள். அதற்கு மேல் பேச்சு வளர்வதில்லை. கொஞ்ச நாளாக அந்த 'நல்லா'வில் ஒரு வறட்சி இருந்ததை அவள் கவனித்திருந்தாள். மாத முடிவில் ஓய்வு பெற்றதும் போய்ப் பார்க்க வேண்டும், தேதி சொல்லிவிட்டுப் போய் நிற்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

சொல்லிவிட்டு. அதுதான் அவளுடைய சட்டம்.

மின்சாரம் ஒழுங்காக வராத வறண்ட ஊர்களில், வெயிலில் ஓடும் பம்பு வைத்து, குழாயில் குடிதண்ணீர் கொண்டுவருவது அவளுடைய நிறுவனத்தின் வேலை. பம்பை வைத்துவிட்டு ஊர்ப் பெண்களுக்கே அதை ஓட்டப் பழக்கி, பம்பு அறையின் சாவியை அவர்கள் கையில் கொடுத்துவிட்டு வந்துவிடுவார்கள். அதன் பிறகு அந்தத் தண்ணீர் அவர்களுடையது. பார்க்கப் போவதாக இருந்தால் நாள், நேரம் சொல்லித்தான் போக வேண்டும். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுவாள்: "சொல்லாம கொள்ளாம வந்து நிக்கிறவன் சோதனை போட வர்றவன். நாம விருந்தாளி. விருந்தாளி சொல்லிட்டுத்தான் போகணும்."

அந்த மரியாதைக்காகவே பல நாடுகளில் அவளைப் பேசக் கூப்பிட்டார்கள். இன்றைக்கு நிதி கொடுக்கிற குழு வருகிறது. அவள் முதன்முதலில் சாவி கொடுத்த ஊரைக் காட்டப் போகிறாள். அது பிடித்துப்போனால், அதே ஆழத்தில் அதே மாதிரிப் பம்பு இன்னும் நாற்பது ஊர்களுக்குப் போகும். அந்தப் பகுதிக்குப் பொறுப்பு அவளுடைய மகன். சின்னவன். வீட்டில் 'அம்மா' என்று இழைகிறவன், வேலையிடத்தில் 'மேடம்' என்பான். அதுவும் அவள் போட்ட சட்டம்தான்.

*

ஊர் துடைத்து வைத்தது போல் இருந்தது. குழாயடியில் புதுசாகச் சிமென்ட் பூசியிருந்தார்கள். மேலே இருந்த தொட்டிக்கு நீல வர்ணம் அடித்த வாசனை இன்னும் போகவில்லை. சுவர் ஓரமாகப் பெண்கள் குடமும் கேனுமாக வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். பேச்சுச் சத்தமே இல்லை. அத்தனை பேரும் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மேடம், இந்தப் பக்கம்." மகன் குழுவை அழைத்துவந்தான். சட்டை முதுகில் ஒட்டிப்போயிருந்தது. வெயில்தான் காரணம் என்று நினைத்தாள்.

குழுத்தலைவி குள்ளமான, படபடப்பான பெண். வந்ததும் வராததுமாகக் குழாயைத் திருகினாள். தண்ணீர் கொட்டியது.

"அடேயப்பா! எங்க வீட்டுல கூட இப்படி வராதுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். குழாயின் பக்கத்தில் ஒரு வலைப்பையில் சோப்பு தொங்கியது. குழுத்தலைவி அதை உருவினாள். "வாங்க, நாம ரெண்டு பேரும் கை கழுவுவோம். படம் எடுக்கட்டும். நீங்க ஆரம்பிச்ச குழாய், நீங்களே முதல்ல."

சோப்பை வாங்கிக் கையில் தேய்த்தாள்.

நுரை வந்தது.

விரலிடுக்கெல்லாம் வந்தது. மணிக்கட்டு வரை வெள்ளை வெளேரென்று பொங்கி வந்து, அவள் கடிகாரத்தின் மேல் ஏறியது. படம் எடுக்கிறவன், "அப்படியே, அப்படியே" என்றான்.

அவள் அப்படியே நின்றாள்.

இந்த ஊரின் உப்புத் தண்ணீரில் நுரை வராது. பம்பு வைத்த வருடம் முழுக்க இங்கே தங்கியிருந்தாள். சோப்பைக் கூழாங்கல் மாதிரி உருட்டிக்கொண்டே இருக்க வேண்டும். குடிக்கலாம், கெடுதல் இல்லை, ஆனால் தலை குளித்தால் முடி கயிறாகிவிடும். 'எங்க தண்ணிக்கு ரோஷம் ஜாஸ்திம்மா, சோப்புக்கெல்லாம் மசியாது' என்று பெண்கள் அவளைக் கேலி செய்வார்கள்.

கையை முகத்தருகே கொண்டுபோனாள். சோப்பு வாசனைக்கு அடியில் லேசாகப் பிளீச்சிங் பவுடர் நெடி. நகரத்துக் குழாயின் நெடி. அவள் வீட்டுக் குளியலறையின் நெடி.

நிமிர்ந்து மகனைப் பார்த்தாள். அவனும் அவள் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான், நுரையை. அவன் சின்ன வயதில் கண்ணாடி டம்ளரைக் கீழே போட்டுவிட்டு, உடைந்த துண்டுகளைப் பார்த்தபடி நிற்பானே, அந்தப் பார்வை.

அவளுக்குப் புரிந்துவிட்டது. மனம் ஏற்றுக்கொள்வதற்கு முன்னால் கை ஏற்றுக்கொண்டுவிட்டது.

"இந்தத் தண்ணி..." என்று ஆரம்பித்தாள்.

"அம்மா."

மெல்லத்தான் கூப்பிட்டான். குழுவில் இருந்த யாருக்கும் கேட்டிருக்காது. அவன் இந்த வேலையில் சேர்ந்த நாளிலிருந்து, நான்கு பேருக்கு நடுவில் அவளை அப்படிக் கூப்பிட்டதே இல்லை.

"சொல்லுங்க, இந்தத் தண்ணி?" குழுத்தலைவி ஆவலாகத் திரும்பினாள்.

நுரை வெயிலில் படபடவென்று உடைந்துகொண்டிருந்தது. அந்தச் சத்தம்கூட அவளுக்குக் கேட்டது.

"நல்லா இருக்கு" என்றாள். "தண்ணி நல்லா இருக்கு."

கையைக் கழுவிக்கொண்டாள். எவ்வளவு கழுவியும் வழுவழுப்பு போகவில்லை.

"திங்கட்கிழமை கூட்டத்துல நீங்களே ரெண்டு வார்த்தை பேசிடுங்க" என்றாள் குழுத்தலைவி. "உங்க வாயால கேட்டாங்கன்னா அப்புறம் யாரும் மறுபேச்சுப் பேச மாட்டாங்க. நாற்பது ஊரும் உங்க கணக்கு."

*

குழு டீ குடிக்கப் பள்ளிக்கூடத்துப் பக்கம் நகர்ந்ததும், அவள் தொட்டிக்குப் பின்னால் போனாள். வண்டிச் சக்கரத் தடம் சேற்றில் ஆழமாகப் பதிந்திருந்தது. அதன் மேல் வைக்கோலைத் தூவி வைத்திருந்தார்கள்.

"போயிட்டாங்களாம்மா? பிடிக்கலாமா?"

சாவியக்கா. முதல் சாவியை வாங்கிக்கொண்ட பெண் என்பதால் நிறுவனத்தில் எல்லோருக்கும் அவள் சாவியக்காதான். இடுப்பில் ஒரு குடம், கையில் ஒரு குடம்.

"பம்பு எப்போ நின்னுது?"

சாவியக்கா குடத்தைக் கீழே வைத்தாள். சுற்றுமுற்றும் பார்த்தாள்.

"பம்பு நிக்கலம்மா. அது பாட்டுக்கு ஓடும். தண்ணிதான் இல்ல. மேற்கால தோட்டக்காரங்க ஆளுக்கொரு குழாய ஆழமா இறக்கி உறிஞ்சிட்டாங்க. மூணு கோடையாச்சு."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"எப்ப சொல்றது? நீங்க வர்றப்பல்லாம்தான் தண்ணி வருதே!" சொல்லிவிட்டுச் சாவியக்கா தன் பேச்சுக்குத் தானே சிரித்தாள். பிறகு அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை விழுங்கினாள். "கோவிச்சுக்காதீங்க. தம்பிதான் சொல்ல வேண்டாம்னுச்சு. அம்மா மனசு ஒடைஞ்சிடும்னுச்சு. எங்களுக்கும் என்ன போச்சு சொல்லுங்க. நீங்க வர்ற அன்னிக்கு லாரி வருது, ரெண்டு நாளைக்குத் தண்ணி ஆச்சு. நீங்க அடிக்கடி வந்தாத்தாம்மா நல்லது. வருஷத்துக்கு ஒருவாட்டி வந்தா எப்படி?"

குற்றம் சொல்கிற குரலில்லை. உறவுக்காரியைக் கடிந்துகொள்கிற குரல். அதற்குள் சுவர் ஓரத்தில் ஒரு குடம் இன்னொரு குடத்தை இடித்துச் சண்டை ஆரம்பித்துவிட்டது. "ஏய், நான் விடிகாலையிலிருந்து குந்தியிருக்கேன், நீ இப்ப வந்து தள்ளுறியா!" என்று கத்திக்கொண்டு சாவியக்கா ஓடினாள்.

அப்படியானால் அந்த வரிசை அவளை வரவேற்க உட்கார்ந்திருக்கவில்லை. அவள் எப்போது போவாள் என்று காத்திருந்தது.

மகன் ஜீப்பின் அருகில் நின்றிருந்தான். அவனுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். இருவருமே எதிரே இருந்த பொட்டலைப் பார்த்தார்கள்.

"ஒவ்வொரு தடவையுமாடா?"

"பக்கத்து ஊர்க் கிணத்துத் தண்ணிய கொண்டு வருவோம். அதுவும் உப்புத்தான். உனக்கு வித்தியாசம் தெரியாது." அவன் தொண்டையைச் செருமினான். "அந்தக் கிணறும் இந்த வருஷம் வத்திப்போச்சும்மா. வேற வழியில்லாம டவுன்லேர்ந்து."

"சோப்பு யார் வச்சது?"

"நான்தான். படம் நல்லா இருக்கும்னு."

இதைக் கேட்டு அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. வெளியே வரவில்லை.

"மத்த ஊரெல்லாம்?"

அவன் செருப்பு நுனியால் மண்ணைக் கிளறினான்.

"அப்பாகிட்டயாவது சொல்லியிருக்கலாமே."

"அப்பாவுக்குத் தெரியும்மா. முதல் வருஷமே தெரியும். 'அவ ரிட்டையர் ஆகற வரைக்கும் இழுத்துப் பிடிடா, அதுக்கப்புறம் எது நடந்தாலும் நடக்கட்டும்'னாரு." ஜீப் மேல் படிந்த தூசியை விரலால் தேய்த்தான். "உனக்குன்னு வேற என்னம்மா இருக்கு? இது ஒண்ணுதானே."

இது ஒண்ணுதானே. அவன் அன்பாகத்தான் சொன்னான். அதனால்தான் அது அப்படிக் குத்தியது.

"நீ குழுவோட விடுதிக்குப் போ. எனக்குத் தலைவலின்னு சொல்லிடு. நான் வீட்டுக்குப் போறேன்."

"இன்னிக்கேவா?" அவன் சட்டென்று திரும்பினான். "நாளைக்குத்தானே வர்றதா சொல்லியிருக்கே?"

"போனா என்ன? என் வீடுதானே?"

"இல்லம்மா, அப்பா தனியா... எதுவும் செஞ்சு வச்சிருக்க மாட்டாரு. ஒரு போன் பண்ணிடட்டுமா?" போனை எடுத்துப் பார்த்தான். அந்தப் பள்ளத்தில் போன் வேலை செய்யாது. அவர்கள் போகிற விடுதியிலும் செய்யாது. அவனுக்கே அது தெரியும். "மெயின் ரோடு போனதும் நீயே ஒரு போன் பண்ணிடும்மா. சொல்லிட்டுப் போம்மா. ப்ளீஸ்."

தண்ணீர் விஷயத்தில் பிடிபட்டபோதுகூட அவன் முகம் இவ்வளவு வெளுக்கவில்லை.

*

மெயின் ரோடு வந்தது. போன் ஒரு தடவை சிணுங்கி உயிர் பெற்றது. அவள் அதை மடியில் வைத்துக்கொண்டாள். எடுக்கவில்லை.

"கண்ணாடிய ஏத்திடட்டுங்களா, தூசி வருது" என்றார் டிரைவர்.

"பரவாயில்ல."

எப்போது ஊரிலிருந்து திரும்பினாலும் வீடு பளிச்சென்று இருக்கும். சின்ன வயதில் இரண்டு குழந்தைகளும் தலை வாரி, முகம் கழுவி, வாசலில் நிற்பார்கள். துவைத்த துணி மடித்திருக்கும். மேஜை மேல் அன்றைக்கு வரைந்த படம் ஒன்று இருக்கும். 'பசங்க படுத்தலையே?' என்பாள். 'தங்கக் கம்பிங்க' என்பார் அவர். என்ன கொடுத்துவைத்தவள் நீ என்று சக ஊழியர்கள் பொறாமைப்படுவார்கள். அவளும் அப்படித்தான் நம்பினாள். தன் வீடும் தான் இல்லாமலே நன்றாக ஓடுகிறது என்பதில் அவளுக்கு ஒரு தொழில்முறைப் பெருமைகூட இருந்தது.

ஒரு தடவை பெரியவளின் முழங்கையில் ஒரு கோணல் தெரிந்தது. என்ன என்று கேட்டாள். சைக்கிளிலிருந்து விழுந்து எலும்பு முறிந்து, கட்டுப் போட்டு, கட்டைப் பிரித்தும் ஆகிவிட்டதாம். "எங்கிட்ட ஏன் சொல்லல?" அப்போது பெரியவளுக்குப் பத்து வயது இருக்கும். அப்பாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மனப்பாடம் செய்தது போலச் சொன்னாள்: "உனக்கு அங்க நிறைய வேலைம்மா."

அன்றைக்கு அவள் மகளைக் கட்டிக்கொண்டாள். எவ்வளவு பொறுப்பான பெண் என்று பூரித்தாள். அந்தப் பார்வையை இப்போதுதான் பார்க்கிறாள், இத்தனை வருடம் கழித்து, ஓடுகிற ஜீப்பில். வரிசையில் உட்கார்ந்து குழாயைப் பார்த்துக்கொண்டிருந்த பெண்களின் பார்வை அது.

மறைத்தவர்கள் மேல் கோபம் வருமா என்று தனக்குள் துழாவிப் பார்த்தாள். வரவில்லை. சாவியைக் கொடுத்துவிட்டு, இது உங்களுடையது என்று சொல்லிவிட்டு வந்தவள் அவள்தான். ஊருக்கும் அப்படித்தான், வீட்டுக்கும் அப்படித்தான். அதை மரியாதை என்று நினைத்தாள். எதிரில் இருந்தவர்களுக்கு அது, ஒழுகினாலும் வற்றினாலும் இவளிடம் காட்டக்கூடாது என்கிற உத்தரவாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

"வீட்டுக்குத் தகவல் சொல்லிட்டீங்களா மேடம்?" டிரைவர் பழக்கத்தில் கேட்டார். வழக்கமாக இந்த வளைவில்தான் அவள் போன் செய்வாள். இன்னும் ஒரு மணி நேரம், வந்துகொண்டே இருக்கிறேன் என்பாள்.

"இல்ல" என்றாள். "தெரு முனையிலேயே நிறுத்திடுங்க. நடந்து போயிக்கிறேன்."

*

இருட்டத் தொடங்கியிருந்தது. தெருவிளக்கு இன்னும் எரியவில்லை. அவள் வீட்டில் மட்டும் பின் அறையில் விளக்கு எரிந்தது. பூட்டிக் கிடக்கிற அறை அது. பெரியவள் கல்யாணமாகிப் போனதிலிருந்து, தட்டுமுட்டுச் சாமான் போடுகிற அறை.

கேட்டைத் திறந்தாள். கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. அவள் திரும்பி வருகிற நாட்களில் கொடி காலியாகத்தான் இருக்கும். அரை முழம்கூட இல்லாத ஒரு பாவாடை. அதற்குப் பக்கத்தில் ஒரு துப்பட்டா. அந்த நீலத்தை அவளுக்குத் தெரியும். கடைக்குப் போக நேரமில்லாமல், ஏதோ ஒரு விமான நிலையத்தில் அவசரமாக வாங்கி, பெரியவளுக்குக் கொடுத்தது.

வாசலில் மூன்று ஜோடிச் செருப்பு. அவருடையது. நடுவில், பின்வார் அறுந்து ஊக்கு குத்திய ஒரு ஜோடி. ஓரத்தில், உள்ளங்கையில் அடங்குகிற மாதிரி ஒன்று. அதன் வாரிலும் ஒரு முயல்.

உள்ளே குழந்தை எதற்கோ சிணுங்கியது. பாத்திரம் கழுவுகிற சத்தம். பிறகு மகளின் குரல். போனில் கேட்கிற குரலே இல்லை அது. நாளெல்லாம் அழுது ஓய்ந்த குரல்.

"அப்பா, அம்மா நாளைக்கு எத்தனை மணிக்கு?"

"ஆறுன்னு சொன்னா. ஆறுக்கு முன்னாடி வரமாட்டா. இன்னிக்கு வரைக்கும் சொல்லாம வந்ததில்ல அவ." கணவரின் குரலில் அதே இலேசான கேலி. "நீ பதறாதே. மத்தியானமா உன் துணியெல்லாம் எடுத்து வச்சிடலாம். பிரஷ்ஷு ஜாக்கிரதை, போன தடவை மாதிரி விட்டுடாதே. நாலு மணி பஸ்ஸுக்கு நான் கொண்டுபோய் விடறேன். அவ மறுபடி டூர் போனதும் வந்துடு."

"திரும்பி அவர் வீட்டுக்கேயா அனுப்பப் போறீங்க என்னை?"

உள்ளே குழாய் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

அவள் கையில் போன் இருந்தது. இரண்டு வீடு தள்ளி நின்றுகொண்டு, 'வந்துகொண்டே இருக்கிறேன், அரை மணி ஆகும்' என்று சொல்லலாம். அரை மணியில் கொடி காலியாகிவிடும். பின் அறை இருட்டாகிவிடும். கதவைத் திறந்து அவர் சிரிப்பார். வீடு பளிச்சென்று இருக்கும். திங்கட்கிழமை காலையில் நல்ல உடை உடுத்திக்கொண்டு போய் நாற்பது ஊரைப் பற்றி இரண்டு வார்த்தை பேசலாம். யாருக்கும் மனசு உடையாது.

கட்டைவிரல் அவருடைய எண்ணின் மேல் கொஞ்ச நேரம் நின்றது. கையில் இன்னமும் அந்தச் சோப்பு வாசனை.

போனை அணைத்துப் பைக்குள் போட்டாள். செருப்பைக் கழற்றி, அந்தச் சின்ன ஜோடியின் பக்கத்தில் விட்டாள். மிதியடி ஈரமாக இருந்தது. அதன் மேல் கால் வைத்து, கதவைத் தட்டாமல் திறந்தாள்.